செட்டில் ஆனபின் ஒரு திங்கட்கிழமை

1945 ஆகஸ்ட் 14. சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் கிளம்புகிறது. கப்பல் நிறைய இளம் கடற்படையினர், போகிற இடம் பிலிப்பைன்ஸ். பெரிய பாலத்துக்கு அடியில் கப்பல் போய்க்கொண்டிருக்கும்போது கரையில் திடீரென்று சங்குகள் ஊதுகின்றன, ஹாரன்கள் அலறுகின்றன. என்ன என்று விசாரித்தால், ஜப்பான் சரணடைந்துவிட்டது, போர் முடிந்துவிட்டது. மேல்தளத்தில் நின்றவர்கள் கப்பலைத் திருப்பச் சொல்லிக் கத்தினார்களாம். கப்பல் திரும்பவில்லை. உத்தரவு உத்தரவுதான்.

அப்படிக் கொண்டாட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனவர்களில் ஒருவர் டக் எங்கல்பார்ட். 20 வயது, ரேடார் டெக்னீஷியன். பிற்காலத்தில் கணினி மவுஸைக் கண்டுபிடித்தவர் என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த வரி மேல் ஒரு மனக்குறை உண்டு. மவுஸ் இல்லாமலும் அவர் கதையைச் சொல்லலாம். சொல்லப்போனால் அது இல்லாமல்தான் சரியாகச் சொல்ல முடியும்.

முதலில் ஒரு சின்ன வம்பு. முன்னாள் படைவீரர் என்று எழுதினால் 'வீரர்' என்ற பாதி நம் கண்ணில் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. இவர் யாரையும் சுடவில்லை. இவரை யாரும் சுடவில்லை. ஓரிகன் மாநிலத்தில் பிறந்தவர், ஒன்பது வயதில் அப்பாவை இழந்தவர், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் வளர்ந்தவர். கல்லூரியில் இரண்டு வருடம் முடிந்த நிலையில் படைக்கு எடுத்துக்கொண்டார்கள். ரேடார் என்பது அப்போது புத்தம்புதிய விஷயம். அதைப் பழுதுபார்க்க ஏறக்குறைய ஒரு வருடம் பயிற்சி. பயிற்சி முடிந்து கப்பலேறிய அன்றே போர் முடிந்துவிட்டது. மிச்சம் ஒரு வருடத்தைத் தீவுகளில் காத்திருந்தே கழித்தார்.

ஆனால் காத்திருப்பதும் படைவாழ்க்கையில் பெரும்பகுதிதான். சண்டையைப் பார்த்தவர்களே அப்படித்தான் சொல்வார்கள். எங்கல்பார்ட் காத்திருந்த இடம் லேட்டே தீவு. அங்கே செஞ்சிலுவைச் சங்கம் ஒரு நூலகம் வைத்திருந்தது. கம்பங்களின் மேல் தூக்கிக் கட்டிய மூங்கில் குடிசை அது. உள்ளே கொஞ்சம் புத்தகம், கொஞ்சம் பத்திரிகை. அதில் ஒரு லைஃப் இதழில் வனவர் புஷ் எழுதிய கட்டுரை ஒன்று அவர் கையில் கிடைத்தது. புஷ், போர்க்காலத்தில் அமெரிக்க விஞ்ஞானிகளையெல்லாம் ஒரே குடையின் கீழ் வைத்து வேலை வாங்கியவர். போர் முடிகிற நேரத்தில் அவர் கேட்ட கேள்வி இதுதான்: இனி இந்த விஞ்ஞானிகள் என்ன செய்வது? அவர் சொன்ன பதில் ஒரு மேசை. மனிதன் படித்ததையெல்லாம் மைக்ரோ ஃபிலிமில் போட்டு மேசைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தன் யோசனை போகிற வழியிலேயே தாவிப் போக வேண்டும். மெமெக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். அப்படி ஒன்றை யாரும் செய்யவில்லை, கற்பனைதான்.

எங்கல்பார்ட் படித்தார், வியந்தார், மறந்துவிட்டார். எனக்கு இந்த மறதி பிடித்திருக்கிறது. பொறி தட்டியது, வாழ்க்கையே மாறியது என்று எழுதுவதுதான் வழக்கம். இங்கே ஒன்றும் மாறவில்லை. ஊருக்குத் திரும்பினார், விட்ட படிப்பைத் தொடர்ந்தார், 1948-இல் மின்பொறியாளர் பட்டம் வாங்கினார்.

அந்த வருடங்களில் அமெரிக்கக் கல்லூரிகளைப் பார்த்திருந்தால் படைமுகாம் என்றே நினைத்திருப்போம். 1944-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வருடத்துக்கு 500 டாலர் வரை படிப்புச் செலவை அரசு ஏற்றது, கைச்செலவுக்கும் மாதாமாதம் பணம் தந்தது. சுமார் 22 லட்சம் பேர் அப்படிக் கல்லூரி வாசலை மிதித்தார்கள். 1947-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் படையினர். கல்யாணமாகி, கைக்குழந்தையோடு கால்குலஸ் படித்தவர்கள். அதே சட்டம் தந்த வீட்டுக் கடன், கறுப்பினப் படையினர் பெரும்பாலோருக்கு வங்கி வாசலோடு நின்றுபோனது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் இப்படித்தான் உருவானார்கள். படை கற்றுக்கொடுத்த கைவேலையும் கல்லூரி கற்றுக்கொடுத்த கணக்கும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன.

எங்கல்பார்ட்டுக்குக் கலிபோர்னியாவில் வேலை. இன்றைய நாசாவுக்கு முன்னோடியான அமைப்பின் ஏம்ஸ் ஆய்வுக்கூடம். விமான மாதிரிகளைக் காற்றில் வைத்துச் சோதிக்கிற பெரிய சுரங்கங்கள் அங்கே இருந்தன. அவற்றின் மின்சாதனங்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். நிலையான வேலை. இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. 1950 டிசம்பரில் ஒரு பெண்ணிடம் கல்யாணத்துக்குக் கேட்டார். அவரும் சரி என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலை காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அப்போதுதான் அது தலைக்குள் இறங்குகிறது: படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இனிமேல் எட்டிப்பிடிக்க ஒன்றுமே இல்லை. வாழ்நாளுக்கு என்று வைத்திருந்த குறிக்கோள் மொத்தமும் 25 வயதிலேயே தீர்ந்துபோய்விட்டது!

நாம் 'செட்டில் ஆயிட்டான்' என்று ஒரு சொல்லைச் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகிறோம். பெரும்பாலும் நிம்மதியோடுதான் சொல்வோம். ஆற்று நீரில் வண்டல் மெல்ல அடியில் போய்ப் படிவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். இதை முதலில் யோசித்தபோது நானே கொஞ்சம் திடுக்கிட்டேன். எங்கல்பார்ட்டின் திங்கட்கிழமையைப் பற்றிப் படித்த அன்று எனக்கு 45 வயது. நானும் பொறியாளன்தான். 25 வயதில் அவருக்கு வந்த பயம் எனக்கு ஏன் இருபது வருடம் தாமதம் என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 2,000 மணி நேரம் வேலை என்று வைத்தால், 25 வயதுக்காரருக்கு 65 வரை 48 லட்சம் நிமிடம் இருக்கிறது. எனக்கு 24 லட்சம். அதில் கூட்டங்களில் உட்கார்ந்து தலையாட்டுகிற நிமிடங்களைக் கழிக்க ஆரம்பித்தேன். பாதியில் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அவர் மடித்து வைக்கவில்லை. உலகத்துக்கு உருப்படியாக எதையாவது செய்ய வேண்டும் என்று தொடங்கி, எந்த நல்ல காரியத்தை எடுத்தாலும் அது இன்னொரு சிக்கலைக் கூட்டிக்கொண்டு வருவதைக் கவனித்தார். அப்படியென்றால் பிரச்சினைகளைவிட வேகமாக வளர வேண்டியது, மனிதர்கள் சேர்ந்து பிரச்சினையைச் சமாளிக்கும் திறமைதான். அதை வளர்க்க ஒரு வழி செய்தால் எல்லாப் பிரச்சினைக்கும் உதவும். இங்கேதான் ரேடார் திரும்பி வருகிறது. அன்றைய கணினியின் வாயில் துளையிட்ட அட்டையைப் போட வேண்டும், அது காகிதத்தில் பதிலைத் துப்பும். ஆனால் எங்கல்பார்ட் படையில் ஒரு வருடம் திரைகளோடு புழங்கியவர். ஓர் இயந்திரம் தன்னிடம் இருக்கும் சமிக்ஞையைத் திரையில் வெளிச்சப் புள்ளியாக வரைய முடியும், அதைப் பார்த்துக்கொண்டே மனிதன் குமிழைத் திருகலாம், திரையும் உடனே மாறும். இதைக் கண்ணால் பார்த்தவர், கையால் பழுதுபார்த்தவர். அட்டையில் துளை போட்டுக் காகிதத்தில் பதில் வாங்க முடிகிற கணினியால் திரையில் எழுத்து வரைய முடியாதா என்ன? திரைக்கு முன் உட்கார்ந்து, சொற்களையும் வரைபடங்களையும் தள்ளி நகர்த்தி, வேறொரு திரையில் இருப்பவரோடு சேர்ந்து யோசிக்கிற ஒரு காட்சி மனதில் வந்துவிட்டது. மூங்கில் குடிசையில் படித்த அந்த மேசையும் அப்போது நினைவுக்கு வந்திருக்கிறது.

இதெல்லாம் உலகத்தில் இருந்த கணினிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற காலத்தில். மனதில் திரையைப் பார்த்தபோது அவர் கணினியையே பார்த்ததில்லை.

1951-இல் கல்யாணம். அதே வருடம் வேலையை விட்டுவிட்டுப் பெர்க்லியில் மேல்படிப்பு. புதுமணத் தம்பதிக்கு மாதச் சம்பளம் நின்றுபோவது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். 1955-இல் முனைவர் பட்டம். கொஞ்சநாள் அங்கேயே பாடம் எடுத்தார். இப்படிப்பட்ட யோசனைகளையே பேசிக்கொண்டிருந்தால் தற்காலிக உதவிப் பேராசிரியராகவே காலம் கழியும் என்று உடன் இருந்தவர் எச்சரித்தாராம். 1957-இல் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கேயும் முதலில் வாயைத் திறக்காமல் கொடுத்த வேலையைச் செய்தார். நான்கு குழந்தைகள் பிறந்தார்கள். காத்திருக்கக் கடற்படையே கற்றுக்கொடுத்திருந்தது போலும்.

1962-இல் தன் யோசனை முழுவதையும் ஒரு நீண்ட அறிக்கையாக எழுதினார். படிக்கச் சிரமமான அறிக்கை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் ஓரிடத்தில் ஒரு செங்கல் வருகிறது. கருவி நன்றாக இருந்தால் யோசனை எப்படி வளரும் என்று காட்ட அவரிடம் அப்போது கருவி இல்லை. அதனால் தலைகீழாகக் காட்டினார். ஒரு பென்சிலை எடுத்துச் செங்கல்லோடு சேர்த்துக் கட்டினார். இப்போது எழுதுங்கள் பார்க்கலாம் என்றார்.

ஒரு விடுமுறை நாளில் என் 11 வயது மகளோடு இதைச் செய்து பார்த்தேன். செங்கல்லின் நீளத்துக்குப் பென்சிலைப் படுக்க வைத்து, நுனி மட்டும் வெளியே நீட்டும்படி நூலால் சுற்றிக் கட்டினோம். ஒரே வாக்கியத்தை முதலில் சும்மா எழுத வேண்டும், பிறகு செங்கல்லோடு. சும்மா எழுதியபோது அவளுக்குப் பன்னிரண்டு விநாடி. செங்கல்லோடு எழுதியபோது அரை நிமிடம் தாண்டியும் பாதி வாக்கியம்தான் முடிந்திருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. அதைவிட முக்கியமான ஒன்று இரண்டாவது முயற்சியில் நடந்தது. "வாக்கியத்தைச் சின்னதாக்கிடலாமாப்பா?" என்று கேட்டாள். கை கனத்தால் எழுத்து மெதுவாகும் என்று மட்டும்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். இப்போது சொல்ல வந்ததே சுருங்கிவிட்டது. பென்சில் இவ்வளவு கனமாக இருந்திருந்தால் நம் புத்தகங்களும் கணக்குகளும் எப்படி இருந்திருக்கும் என்றுதான் அந்த அறிக்கையும் கேட்கிறது. அதைப் படித்தபோது எனக்கு முழுதாகப் புரியவில்லை. மகள் கேட்டபோது புரிந்தது. (செங்கல் இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. தூசி விழுகிறது என்று வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.)

அறிக்கைக்குப் பிறகு ராணுவ ஆராய்ச்சித் துறையான அர்பாவிடமிருந்தும் நாசாவிடமிருந்தும் பணம் வந்தது, ஆட்கள் சேர்ந்தார்கள். திரையில் ஓரிடத்தைச் சுட்டிக்காட்ட எது வசதி என்று பல சாதனங்களைச் சோதித்தார்கள். ஒளிப்பேனா, குச்சி, மேசைக்கு அடியில் முழங்காலால் நகர்த்துகிற ஒன்றுகூட. எங்கல்பார்ட் குறிப்பேட்டில் வரைந்து வைத்திருந்ததை 1964-இல் பில் இங்லிஷ் என்ற சகா செய்துகொடுத்தார். மரக்கட்டைக்குள் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரம், மேலே ஒரு பொத்தான். சோதனையில் அதுதான் ஜெயித்தது. வால் மாதிரி ஒயர் தொங்கியதால் யாரோ எலி என்று கூப்பிட, யார் என்றே தெரியாமல் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மவுஸைப் பற்றி இவ்வளவு போதும்.

1968 டிசம்பர் 9, சான்பிரான்சிஸ்கோ. 23 வருடம் முன்பு கப்பல் கிளம்பிய அதே ஊர். கணினி மாநாடு ஒன்றில் சுமார் ஆயிரம் பேர் அமர்ந்திருக்கிறார்கள். மேடையில் வெள்ளைச் சட்டை, டை, காதில் மைக்கோடு எங்கல்பார்ட். கணினி அங்கே இல்லை, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருக்கிறது. மைக்ரோவேவ் இணைப்பு வழியாகப் படம் வருகிறது. 90 நிமிடத்தில் அவர் காட்டியவை: திரையில் எழுத்தைத் திருத்துவது, வெட்டி வேறிடத்தில் வைப்பது, ஒரு சொல்லைத் தொட்டால் இன்னொரு பக்கத்துக்குத் தாவுவது, தூரத்தில் இருப்பவர் முகத்தைத் திரையின் மூலையில் பார்த்துக்கொண்டே இருவரும் ஒரே ஆவணத்தில் வேலை செய்வது. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் அட்டைகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு கணினி அறைக்கு நடந்தவர்கள். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அது ஒரு திங்கட்கிழமை என்று நாட்காட்டியை வைத்துச் சரிபார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. சும்மா தற்செயல்தான். இருந்தாலும் டிசம்பர் மாதத் திங்கட்கிழமையில் காருக்குள் தொடங்கியது, சரியாகப் பதினெட்டு வருடம் கழித்து இன்னொரு டிசம்பர் மாதத் திங்கட்கிழமையில் மேடை ஏறியிருக்கிறது.

இதன் பிறகு கதை இறங்குமுகம். அவர் ஆட்கள் பலர் பக்கத்திலேயே புதிதாகத் திறந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு பெரிய கணினியைப் பலர் பகிர்வது என்பது எங்கல்பார்ட்டின் வழி. ஆளுக்கு ஒரு சின்னக் கணினி என்பது இளைஞர்களின் வழி. அவருடைய கருவியைப் பழகுவதும் கஷ்டம். ஒரு கையில் மவுஸ், மறு கையில் பியானோ கட்டை மாதிரி ஐந்து விசைகள், அவற்றை விதவிதமாகச் சேர்த்து அழுத்தினால் எழுத்து வரும். வயலின் பழகுவதற்கு வருடக்கணக்கில் பாடுபடுகிறவர்கள் இதற்கும் பாடுபடலாமே என்பது அவர் கட்சி. நான் அவர் ரசிகன்தான், ஆனால் இந்த விஷயத்தில் அவர் தோற்றது நியாயம் என்றே நினைக்கிறேன். செங்கல்லை அவிழ்த்தவரே வேறொரு சின்னக் கல்லைக் கட்டப் பார்த்தார். அரசுப் பணம் நின்றது. 1970-களின் கடைசியில் அவர் ஆய்வுக்கூடத்தையே ஒரு தனியார் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அந்தச் சமயத்தில்தான் அவர் வீடும் தீப்பிடித்து எரிந்தது. 1986-இல் வேலையிலிருந்து ஓய்வு. மவுஸுக்கான காப்புரிமை 1970-இல் அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகி, 1987-இல் காலாவதியானது. வீட்டுக்கு வீடு மவுஸ் வர ஆரம்பித்த நேரம். அதற்கென்று பங்குத்தொகையாக அவர் கைக்கு ஒரு காசு வரவில்லை.

ஓய்வுக்குப் பிறகு மகளோடு சேர்ந்து ஒரு சிறு அமைப்பைத் தொடங்கி, 25 வயதில் தொடங்கியதைத் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஒரு மவுஸ் கம்பெனிதான் அவருக்கு உட்கார இடம் கொடுத்தது. 1997-இல் கணினி உலகத்தின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது வந்தது, ஐந்து லட்சம் டாலரோடு இன்னொரு பரிசும் வந்தது. அதே வருடம் அவர் மனைவி இறந்துபோனார். 46 வருடத் தாம்பத்தியம். அவர் சரி என்று சொல்லியிராவிட்டால் அந்தத் திங்கட்கிழமையே இல்லை. எங்கல்பார்ட் 2013 வரை இருந்தார்.

1968 நிகழ்ச்சி இணையத்தில் முழுதாகவே கிடைக்கிறது. கறுப்பு வெள்ளை, கொஞ்சம் மங்கல். நான் நாலைந்து தடவை பார்த்திருப்பேன். எல்லோரும் கொண்டாடுவது முகம் பார்த்துப் பேசுகிற பகுதியை. நான் ஒவ்வொரு முறையும் காத்திருப்பது ஆரம்பத்தில் வரும் ஒரு பட்டியலுக்காக. ஆயிரம் நிபுணர்களுக்கு முன்னால், வருங்காலத்தையே காட்ட வந்த மனிதர், உதாரணத்துக்கு என்று திரையில் கொண்டுவருவது வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான்கள். வாழைப்பழம், சூப் என்று வரிசையாகப் போகிறது. அதை எடுத்துப் பழம் தனி, டப்பா தனி என்று பிரிக்கிறார், மேலே கீழே மாற்றுகிறார். அப்புறம் ஒரு பொத்தானைத் தட்டியதும் பட்டியல் போய்க் கோடுகளால் ஆன வரைபடம் வருகிறது. வேலை முடிந்து போகிற வழியில் எங்கெங்கே நிற்க வேண்டும் என்கிற படம். போன தடவை பார்த்தபோது மகளும் பக்கத்தில் இருந்தாள். கோடு எங்கே போய் முடிகிறது என்று திரையில் விரல் வைத்துத் தேடினாள். கடைசிக் கட்டத்தில் வீடு என்று எழுதியிருந்தது.